மாரியில் எரு ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் நாடுகளில் குதிரை வளர்ப்பவர்களுக்கு மாரிகாலத்தில் ஒரு தலையிடி உண்டு. இரவில் சாணம் அதை ஏற்றும் இழுவைப் பெட்டியோடு உறைந்து ஒட்டிவிடும், காலையில் கடப்பாரையால் குத்தினால்தான் வரும். திருகோணமலையில் உறைபனி இல்லை, நமக்கு மழை. ஒக்டோபரில் தொடங்கினால் ஜனவரி வரை விடாது, நவம்பரும் டிசம்பரும் கேட்கவே வேண்டாம். மாட்டெருவும் உழவு இயந்திரமும் சேறும் ஒன்றாகச் சந்திக்கும் காலம் அது. எரு வேலையில் வரும் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: கோடையில் ஏற்றிய அதே எரு என்று நினைத்துக்கொண்டு மாரியில் ஏற்றுவது.

முதல் தவறு நாள் பார்ப்பதில். வயலுக்குப் போக வேண்டிய எருவைச் சிறுபோக அறுவடை முடிந்து தரை இறுகிக் கிடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஏற்றிவிட வேண்டும். நம் ஆட்கள் அப்போது விட்டுவிடுவார்கள். பெரும்போக விதைப்புக்காக மாடுகளை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்த பிறகுதான் வெறும் பட்டி கண்ணில் படும். "எரு சும்மா கிடக்குது, ஒரு பெட்டி ஏத்துவம்" என்று புறப்படும்போது தம்பலகாமத்து வயல் வரம்பெல்லாம் ஊறிப்போயிருக்கும்.

அடுத்தது பாரம். காய்ந்து பொலபொலத்த எரு ஒரு கன மீற்றர் சுமார் அரைத் தொன் இருக்கும். மழையில் ஊறினால் அதே அளவு ஒரு தொன்னை நெருங்கும். இரண்டரைக் கன மீற்றர் கொள்ளும் பெட்டி என்றால், கோடையில் ஒன்றேகால் தொன் இழுத்த டிரக்டர் இப்போது இரண்டரைத் தொன் இழுக்கிறது, அதுவும் சேற்றில். பெட்டி முட்ட நிரம்பவில்லையே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். "அண்ணே, இன்னும் ரெண்டு கடகம் போடலாம்" என்று ஒரு குரல் எப்போதும் வரும். அந்த இரண்டு கடகத்தில்தான் சில்லு புதையும். மாரியில் பாதிப் பெட்டியோடு நிறுத்துங்கள். இரண்டு நடை கூடப் போனாலும் ஒரு நாளைச் சேற்றில் தொலைக்க மாட்டீர்கள்.

சரி, புதைந்துவிட்டது. இனி நடப்பதுதான் ஆபத்து. கோபத்தில் இயந்திரத்தை முறுக்கினால் சில்லு கிணறு தோண்டும், அச்சு தரையில் உட்காரும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அதைவிடக் கொடியது, பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைச் சங்கிலியால் கட்டி ஏற முயல்வது. பல இடங்களில் இது ஏதோ கைவந்த வித்தை போலச் செய்யப்படுகிறது. குற்றி சேற்றில் பிடித்துக்கொண்டு சில்லு சுற்ற முடியாமல் போனால், அந்த விசை சும்மா இருக்காது, டிரக்டரின் மூக்கைத் தூக்கும். முன்சில்லு எழும்புவதைப் பார்த்து கிளச்சை மிதிப்பதற்குள் வண்டி பின்புறமாக மல்லாந்து ஓட்டியவர்மேல் விழுந்துவிடும்.

செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான். முதலில் பெட்டியைக் கழற்றுங்கள், அல்லது எருவை அங்கேயே கொட்டுங்கள். எரு போனால் மயிராச்சு, அடுத்த போகத்துக்கு வரும். பின்சில்லுகளுக்குப் பின்னால் உள்ள சேற்றைச் சரிவாக வெட்டி, தென்னோலையோ பலகையோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். டிஃப் லொக் (இரண்டு பின்சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள், திருப்பும்போது வேண்டாம். இன்னொரு டிரக்டரால் இழுப்பதாக இருந்தால், இழுக்கும் வண்டியில் சங்கிலியைப் பின்பக்கம் தாழ்வாக உள்ள கொளுக்கியில்தான் மாட்ட வேண்டும். கலப்பை பூட்டும் மேல்கம்பியில் மாட்டினால் அந்த வண்டியும் மூக்கைத் தூக்கும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைச் சங்கிலிக்கு எட்டாத தூரத்துக்கு விரட்டிவிடுங்கள். அறுந்த சங்கிலி யாரென்று பார்த்து அடிக்காது.

லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லுக் கை டிரக்டர்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சம தரையில் இடது கிளச் பிடியை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் பாரத்தோடு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது அதே பிடி வண்டியை வலப்பக்கம் கொண்டுபோகும். பிடியை அழுத்தினால் அந்தப் பக்கச் சில்லு விடுபட்டு, சரிவில் மற்றதைவிட வேகமாக உருளும், அதுதான் விஷயம். பழகியவர்களுக்கு இது கையோடு வந்துவிடும். வழுக்கும் குளக்கட்டில் புதிதாகப் பிடிப்பவர் நேரே வாய்க்காலுக்குள்தான் போவார். இறங்கும் முன் சிறிய கியரில் போட்டு, பிடியைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்பச் சொல்லிக் கொடுங்கள்.

டிப்பர் பெட்டி வைத்திருப்பவர்கள் கவிழ்க்கும்போது கவனிக்க வேண்டும். ஈர எரு தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டி உயர உயர, முன்பக்கம் ஒட்டிய பாரமும் உச்சிக்குப் போகும். ஒரு பக்கச் சில்லு சற்றுத் தாழ்ந்திருந்தாலும் பெட்டி பக்கவாட்டில் சரியும். ஒட்டியதைத் தள்ள, தூக்கிய பெட்டிக்கு அடியிலோ பின்னாலோ மண்வெட்டியோடு போவது அதைவிட மோசம். இதற்கு எளிய வழி, எரு போடும் முன் தளத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்புவது. சாய்த்ததும் மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

இனி குவியல். மழையில் திறந்து கிடக்கும் குவியலிலிருந்து கபில நிறத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழுக்கல்ல, பொட்டாசியமும் நைத்திரேற்றும் கரைந்து போகிறது. மழை முடிந்து வயலுக்கு எடுத்துப் போவது பெரும்பாலும் சக்கையைத்தான். மேட்டில் குவித்து, சுற்றிச் சிறு கான் வெட்டி, தறப்பாளால் மூடுங்கள். ஆனால் இறுக்கிக் கட்டிவிடாமல் ஓரத்தில் காற்றுப் போக விடுங்கள். ஒரு பிடி எடுத்துக் கையில் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் காற்றில்லாமல் புளித்து நாறும், சூடேறாது. உமியோ வைக்கோலோ கலந்து புரட்டுங்கள். நடுவில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் சூடு நின்றால்தான் களை விதையும் புழுவும் சாகும். தென்னந்தோட்டத்துக்குள் குவிக்க வேண்டாம், காண்டாமிருக வண்டு முட்டையிட அதைவிட நல்ல இடம் தேடாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எருவைத் தேடி ஓடாதவர் குறைவு. அந்தத் தடை நவம்பரிலேயே நீங்கிவிட்டது. ஆனால் பச்சைச் சாணத்தை அப்படியே தண்ணீர் நிற்கும் வயலில் கொட்டும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அது நீருக்குள் புளித்து, இளம் பயிரை மஞ்சளாக்கி வேரைத்தான் கெடுக்கும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் தரை, கிணறும் ஆழமில்லை. அங்கே கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் எருக்குவியல் வைப்பது, குடிதண்ணீருக்குள் நைத்திரேற்றை ஊற்றுவதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதலில் ஆபத்து. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி பெருகும் தாழ்நிலத்தில் குவியலே மிதந்து போய்விடும் என்பதையும் யோசித்து இடம் பாருங்கள்.

மாட்டையும் மறக்கக் கூடாது. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் திடீர்க் குளிரும் காற்றும் வந்து ஏராளமான மாடுகளும் ஆடுகளும் செத்தது நினைவிருக்கும். மழை நேரத்தில் பட்டியை டிரக்டரால் அடியோடு வழித்தெடுத்தால், மாடு படுக்க உலர்ந்த திட்டு இல்லாமல் போகும். நனைந்த மாட்டுக்குக் குளிர்காற்றோடு அந்தச் சேறும் எமன். காற்று மறையும் மூலையில் ஒரு மேட்டையாவது தொடாமல் விட்டு, வைக்கோல் போடுங்கள்.

வெறுங்காலோடு எரு அள்ளுவதும் வேண்டாம். மாரியில் எலிக்காய்ச்சல் கூடும், கால் வெடிப்பும் கீறலும் அதற்கு வாசல். பூட்ஸ் போடுங்கள், ஏற்பு ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். வயல் வேலைக்கு முன் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள். வேலை செய்து சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எருவில் நின்றதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசி நடை முடிந்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. மாட்டு மூத்திரம் ஊறிய எரு ஓரிரவு கிடந்தாலே தகரத்தையும் பின்கதவுப் பிணைச்சலையும் தின்னத் தொடங்கும். அன்றைக்கே கழுவி, சில்லுக் குடத்துக்கு கிறீஸ் ஏற்றுங்கள். அப்புறம், கழுவுகிற தண்ணீரைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ விடாமல் தென்னைக்குப் பாய விடுங்கள்.