கேமரா மேல் மைக்: சேலம், ஏற்காடு பக்கம் ஷூட் போகிறவர்களுக்கு

கேமரா தலையில் ஒரு ஷாட்கன் மைக்கை (முன்னால் வரும் சத்தத்தைக் குறிவைத்து எடுக்கும் குழாய் வடிவ மைக்) மாட்டிவிட்டால் வசனம் சுத்தமாகப் பதிவாகிவிடும் என்று நம்பித்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். பதிவாகும், நடிகர் கேமராவிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் நின்றால். பத்தடி தள்ளி நின்றால் அதே மைக் காற்றையும் பஸ்ஸையும் பக்கத்து டீக்கடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபிரேமுக்குக் கேமரா நிற்க வேண்டிய இடம் வேறு, குரலுக்கு மைக் இருக்க வேண்டிய இடம் வேறு. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டு இடங்களையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

1. முதலில் ஓட்டையைப் பாருங்கள்

கேமராவின் பக்கவாட்டில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்தால் மைக் படம் போட்ட 3.5 மி.மீ. ஓட்டை இருக்க வேண்டும். கேனான் 1500டி-யில் அது கிடையாது. சோனி இசட்வி-இ10-இல் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாக இருக்கிறது. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஹெட்போன் ஓட்டை உள்ள கேமராவாகவே கேட்டு வாங்குங்கள். காதில் கேட்காமல் சவுண்ட் எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு ஃபோகஸ் பிடிப்பது மாதிரி.

அப்புறம் ஒயர். அதன் முனையில் உள்ள பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கேமராவுக்கான ஒயர், மூன்று இருந்தால் போனுக்கானது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் சத்தமே வராமல் போகலாம்.

மைக்கை ஹாட்ஷூவில் (கேமரா தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) இறுக்கியதும் ஒயர் கேமரா உடம்பில் தட்டாமல் சுருட்டிக் கட்டுங்கள். கழுத்துப் பட்டையின் உலோக வளையங்களை மறந்துவிடாதீர்கள். கேமரா லேசாக அசைந்தாலே 'டிங்' என்று விழும், அதுவும் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். பட்டையைக் கழற்றி வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டால் போதும். ஆட்டோஃபோகஸ் மோட்டார் சத்தம் போடும் லென்ஸாக இருந்தால் மேனுவலுக்கு மாறுங்கள்.

2. ஆட்டோ லெவலை அணைக்கவும்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் நிழல், மிளகுக்கொடி, படம் பிரமாதம். நடிகர் ஒரு வரி பேசிவிட்டு மூன்று நொடி நிறுத்துகிறார். ஆட்டோவில் இருக்கும் கேமரா, சத்தம் குறைந்துவிட்டதே என்று தானாகவே லெவலை ஏற்றும். அந்த மூன்று நொடிக்குள் சில்வண்டு இரைச்சல் மெல்ல எழும்பி வரும். அடுத்த வார்த்தை விழுந்ததும் டபக்கென்று அமுங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை எடிட்டிங்கில் முழுசாகச் சரிசெய்யவே முடியாது.

அதனால் மெனுவில் ஒலிப்பதிவை மேனுவல் ஆக்குங்கள். ஒத்திகையின்போது நடிகரை உண்மையான குரலில் பேசச் சொல்லி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வருமாறு வையுங்கள். கத்தும் இடத்தில் மைனஸ் 6 வரை போகலாம். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், உடைந்தது உடைந்ததுதான்.

இன்னொரு சூட்சுமம். விலை குறைந்த கேமராக்களில் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் 'ஸ்ஸ்' என்று இரையும். ரோட் வீடியோமைக் ப்ரோ போன்ற மைக்குகளின் பின்னால் +20 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கேமராவின் லெவலை நன்றாகக் கீழே இறக்குங்கள். சத்தத்தைக் கூட்டும் வேலையை மைக்கிடம் விட்டால் இரைச்சல் குறையும். சண்டைக் காட்சி, கூச்சல் என்றால் மட்டும் சுவிட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள்.

3. தூரமும் திசையும்

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் இருந்த மைக் நான்கு மீட்டருக்குப் போனால் 18 டெசிபல் போச்சு. சுற்றுப்புறச் சத்தமோ அப்படியே இருக்கும். லெவலை ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். லென்ஸில் ஜூம் செய்தாலும் மைக்குக்கு அது தெரியாது. எனவே குளோசப்பை டெலி லென்ஸில் தூரத்திலிருந்து எடுக்காமல், கேமராவையே பக்கத்தில் கொண்டுபோய் எடுங்கள். முகம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்தான். அந்தச் சமரசத்துக்கு நான் சம்மதிப்பேன், ஒளிப்பதிவாளர் முறைப்பார்.

ஷாட்கன் மைக் முன்னால் இருப்பதை மட்டும்தான் எடுக்கும் என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. கேமரா மேல் மாட்டும் குட்டைக் குழாய், கீச்சென்ற சத்தங்களைத்தான் பக்கவாட்டில் நன்றாகத் தடுக்கும். பஸ் இன்ஜின் உறுமல் போன்ற அடித்தொனி எல்லாப் பக்கமிருந்தும் நுழையும். ஏற்காடு மலைப்பாதையில் இதைப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவில் பஸ் முதல் கியரில் ஏறி, ஹாரன் அடித்துத் திரும்பிப் போகும்வரை வசனம் எடுக்க முடியாது. காத்திருப்பதுதான் வழி.

திசையில் இன்னொரு சிக்கல் உண்டு. நடிகருக்குப் பின்னால் சாலை தெரிகிற மாதிரி ஃபிரேம் வைத்தால், மைக்கும் நேராகச் சாலையைத்தான் பார்க்கும். நடிகரைத் திருப்பி, பள்ளத்தாக்கு அவருக்குப் பின்னாலும் சாலை கேமராவின் பின்பக்கவாட்டிலும் வருமாறு நிறுத்துங்கள். இந்த வகை மைக்குக்குக் காது மந்தமான இடம் நேர் பின்புறத்தைவிட அந்தப் பின்பக்கவாட்டில்தான். லொகேஷன் பார்க்கப் போகும்போதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள், எங்கே அமைதி என்று தெரிந்துவிடும்.

4. காற்று

ஏற்காட்டின் பகோடா பாயின்ட் மலை உச்சியில், மைக்குடன் வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒன்றுக்கும் உதவாது. அது வீட்டுக்குள் ஃபேன் காற்றுக்குத்தான். வெளியே முடி வைத்த டெட்கேட் உறை வேண்டும். மைக்கில் 75 அல்லது 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழுள்ள அடித்தொனியை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் போட்டுவிடுங்கள், மனிதக் குரலுக்குப் பெரிதாகச் சேதம் வராது. பனிமூட்டத்தில் உறை நனைந்தால் பிழிந்து, உதறி, காயவிட்டு மாட்டவும். மாலையில் குளிர்ந்த மைக்கோடு சேலத்து வெக்கைக்கு இறங்கும்போது பையை உடனே திறக்க வேண்டாம். லென்ஸில் படிகிற ஈரம் மைக்கிலும் படியும்.

5. கேமராவிலிருந்து கழற்றவும்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் ஆவணப்படம் எடுப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். கைகளின் குளோசப், சின்னச் சுத்தியலின் தட்டல், முடித்த கொலுசைத் தூக்கி உதறும்போது முத்துக்கள் கலகலக்கும் சத்தம்: இதற்கெல்லாம் கேமரா மேல் உள்ள மைக் அருமை. கேமராவும் ஓரடியில், சத்தமும் ஓரடியில்.

அதே பட்டறைக்காரர் உட்கார்ந்து பேசும்போது மைக்கைக் கழற்றிவிடுங்கள். 3.5 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று, பெயின்ட் அடிக்கும் நீட்டுக் கம்பு ஒன்று போதும். ஃபிரேமுக்கு மேலே, தலைக்குச் சற்று முன்னால், வாயைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். இது புது வித்தை இல்லை. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களிலும் மைக் நடிகர் தலைக்கு மேலேதான் தொங்கியது. இரைகிற கேமராவின் மேல் யாரும் அதை மாட்டவில்லை.

அறைக்குள் எதிரொலி அதிகம் என்றால் தரையில் ஒரு பவானி ஜமக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரில் போர்வை தொங்கவிடுங்கள். வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஷாட்கன் மைக் குழாய்க்குள் பேசுவது போலக் கேட்கும். கிளம்பும் முன் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி அறையின் அமைதியை 30 நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டு விழும் இடங்களில் ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும்.

6. வைடு ஷாட்டில் பைலட் ட்ராக்

ஏரிக்கரையில் இருவர் நடந்து பேசுகிற வைடு ஷாட்டில் கம்பும் உதவாது. நடிகரின் சட்டைக்குள் காலர் மைக்கை வைத்து, போனிலோ ரெக்கார்டரிலோ தனியாகப் பதிவு செய்யுங்கள். சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் போதும். கேமரா மைக்கையும் அணைக்காதீர்கள். அந்த மோசமான சத்தம்தான் பைலட் ட்ராக். டப்பிங் பேசும்போது நடிகருக்கு வழிகாட்டவும், டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரில் அலைவடிவத்தை வைத்து இரண்டு ஒலியையும் தானாகச் சேர்க்கவும் அது வேண்டும். ஷாட் தொடக்கத்தில் கிளாப் இல்லாவிட்டால் கை தட்டுங்கள்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கேமரா 14 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மைக்குக்குச் சத்தம் சுமார் 40 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும், நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம். சாஃப்ட்வேர் சேர்த்துக் கொடுத்த பிறகும் உதடு ஒட்டாத மாதிரி தெரிந்தால், காலர் மைக் ட்ராக்கை ஒரு ஃபிரேம் சீக்கிரமாகத் தொடங்குமாறு நகர்த்திவிடுங்கள்.