மார்கழிக் கச்சேரியை மலையில் தெளிவாகக் கேட்க

மார்கழி பிறந்தால் வானொலியில் கச்சேரிக்குக் குறைவில்லை. ஆனால் நமக்குப் பிடித்த வித்வான் ராகத்தை எடுக்கும் நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தால், அந்த ஆலாபனை போனது போனதுதான். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே, அதே நேரத்தில் அதே இடத்தில் வைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். ஒலிபரப்புக் கோபுரம் மலைமேல் நிற்பதால் கீழே சமவெளியில் வெகுதூரம் கேட்கிறது. மலையிலேயே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பள்ளத்தில் இருக்கும் வீட்டில் திணறலாம். பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நடுவே மேடு இருந்தால் அதன் நிழல் விழும். மூடுபனியின் மேல் பழி போட வேண்டாம், இந்த அலையை அது ஒன்றும் செய்யாது.

முதலில் கரகரப்பு எந்த வகை என்று பாருங்கள். தம்புராவின் மேல் ‘உஸ்’ என்று சீரான இரைச்சல் படிந்தால் சிக்னல் பலவீனம். ஸ்டீரியோவை மோனோவாக மாற்றினாலே பாதிக்கு மேல் அடங்கும். சிக்னல் பலமாக இருந்தும் ‘ஸ’ உடைந்து, வயலின் கீறுவது போல ஒலித்தால், எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதுகிறது. ரேடியோவை 75 செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்கள். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு நகர்ந்தாலே சிக்னல் தாழ்ந்த இடத்திலிருந்து உச்சமான இடத்துக்கு வந்துவிடலாம்.

அப்படியும் சரிவரவில்லையா, ஏரியல் கட்டுங்கள். செம்புக் கம்பி இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 71 செ.மீ. ஒரு மரச்சட்டத்தில் இரண்டையும் ஒரே கோட்டில், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டவும். டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டிலும், வெளிவலையை மற்றதிலும் பற்றவைக்கவும். கேபிளின் மறுமுனையில் நடுக்கம்பியை ரேடியோவின் ஏரியலில் கிளிப் போட்டுக் கவ்வுங்கள். வலையை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சேருங்கள். பலரும் வலையைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். அப்போது கேபிளே ஏரியலாகி, வீட்டு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் இரைச்சலையெல்லாம் உள்ளே இழுக்கும். சட்டத்தைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பார்த்து, எது தெளிவோ அப்படியே நிறுத்துங்கள். படுக்கவைத்தால் அதன் முனை கோபுரத்தைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். இடி இடித்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

கொடைக்கானல் ஊருக்குள் கதையே வேறு. சிக்னல் அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால், ஒரே நிலையம் டயலில் நாலைந்து இடத்தில் கேட்கும். ஏரியலை முழுக்க மடக்கிவிட்டால் போதும்.

கச்சேரி சென்னை நிலையத்தில் மட்டும் என்றால், இருட்டிய பிறகு மத்திய அலையில் (மீடியம் வேவ்) 720 கிலோஹெர்ட்ஸில் முயலுங்கள். இங்கே ஏரியலை நீட்டிப் பயனில்லை. மத்திய அலையைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டு ரேடியோவுக்குள்ளே இருக்கிறது, அதனால் ரேடியோவையே மெல்லத் திருப்ப வேண்டும். ஒலி ஏறி இறங்குவது இரவில் இயல்பு. ‘நியூஸ் ஆன் ஏஐஆர்’ செயலியிலும் நிலையங்கள் கிடைக்கும். ஆனால் டவர் போய்வரும் கிராமத்தில் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும். புதுசாகவே போட்டு, கச்சேரி தொடங்கும்வரை ரேடியோவைக் கம்பளிக்குள் வையுங்கள்.

மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு ஒரு குறிப்பு. பகுள பஞ்சமியன்று (தேய்பிறை ஐந்தாம் நாள்) காலையில் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நேரடியாக ஒலிபரப்பாகும், ராகங்கள் வரிசையாக: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தாமதமாகத் திருப்பினாலும் ராகத்தை வைத்து எங்கே இருக்கிறார்கள் என்று பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அது கோஷ்டிகானம், எல்லாரும் சேர்ந்து பாடுவது. உங்கள் வித்வானின் குரல் அதில் தனியாகத் தெரியாது. மற்ற வேளைகளில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் சிறு நேரத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். முதல் பாட்டு முடிந்து பெயர் சொல்லும்வரை பொறுத்திருந்தால் தவறிவிடும். பதிவு வசதியுள்ள ரேடியோ என்றால் முன்கூட்டியே ஓடவிடுங்கள்: 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான் ஆகும். பதிவு ஓடும்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.