சாவு வீட்டு ஏற்பாட்டுல நாம வழக்கமா சொதப்புற இடங்கள்

வீட்டுல ஒருத்தர் தவறிட்டா முதல்ல யாருக்கு போன் போகுதுன்னு பாருங்க. சொந்தக்காரங்களுக்கு, அடுத்தது ஃப்ரீசர் பாக்ஸ்காரருக்கு. டாக்டரை யாரும் நினைக்கிறதே இல்ல. பெட்டி வந்து, சாமியானா போட்டு, மாலை எல்லாம் குவிஞ்சப்புறம் மயானத்துல "டாக்டர் சர்டிபிகேட் எங்க"ன்னு கேக்கும்போதுதான் ஞாபகம் வரும், அந்த நேரத்துல தெரு முனை கிளினிக்குக்கு ஓடினா, முன்னப்பின்ன பாக்காத ஆளுக்கு இறப்புக்கு காரணம் எழுதி கையெழுத்து போட எந்த டாக்டரும் தயங்குவார்தானே. அதனால வழக்கமா பாத்துட்டு இருந்த டாக்டரை முதல்ல கூப்பிடுங்க. வீட்டுல நடந்த இறப்புக்கு படிவம் 4ஏ, ஆஸ்பத்திரின்னா படிவம் 4, அவங்களே குடுத்துடுவாங்க. வயசானவங்க வீட்டுல இருந்தா அந்த டாக்டர் நம்பர் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியே இருக்கட்டும்.

விழுந்து அடிபட்டது, விபத்து, தற்கொலை, சந்தேகமா ஏதாவதுன்னா போலீஸுக்கு சொல்லாம எடுக்கவே கூடாது. "எதுக்கு போஸ்ட்மார்ட்டம் எல்லாம், அறுக்கணுமா"ன்னு பெரியவங்க தடுப்பாங்க, அவங்க மனசு புரியுது, ஆனா அவசரமா எரிச்சுட்டு அப்புறம் இன்சூரன்ஸ் கிளெய்ம் நின்னு போய், கேஸும் வந்தா யார் அலையறது. ஒரு நாள் லேட்டானா பரவால்ல.

அடுத்தது பேர். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நிறைய குடும்பம் மாட்டுறது இங்கதான். மயானத்துல விவரம் சொல்றது பெரும்பாலும் மகன் கிடையாது, ஓடியாடி வேலை பாக்குற பங்காளியோ பக்கத்து வீட்டு தம்பியோதான், அவங்களுக்கு தெரிஞ்சது "ராஜி அத்தை"தான், ஆதார்ல இருக்கிறது ராஜலட்சுமி. ரசீதுல ஒரு பேர், ஆதார்ல ஒரு பேர், பேங்க்ல இனிஷியல் வேற மாதிரி, அதுக்கப்புறம் வாரிசு சர்டிபிகேட், பென்ஷன், பட்டா மாத்துறதுன்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் விளக்கம் சொல்லிட்டு இருக்கணும். ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, யார் போறாங்களோ அவங்க சட்டைப் பையில வெச்சு அனுப்புங்க, வாயால பேர் சொல்லாதீங்க.

இறப்பு பதிவுக்கு 21 நாள் டைம். அதுக்குள்ள சொன்னா ஃபீஸ் கிடையாது. 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணம், அதுக்கு மேல எழுத்துப்பூர்வ அனுமதி, ஒரு வருஷம் தாண்டிட்டா வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ) ஆபீஸ் வரைக்கும் நடக்கணும். இதுல இன்னொரு குழப்பம் இருக்கு: சென்னை ஆஸ்பத்திரில இறந்தவரை திருநெல்வேலிக்கு கொண்டு போய் அடக்கம் பண்ணுவாங்க, அப்புறம் அந்த ஊர் பஞ்சாயத்துல போய் சர்டிபிகேட் கேப்பாங்க. எங்க இறந்தாங்களோ அங்கதான் பதிவு, எங்க எரிச்சோம்ங்கிறது கணக்கு இல்ல. ஆஸ்பத்திரி இறப்புன்னா அவங்களே பதிவுக்கு அனுப்பணும், ஆனா அங்க எழுதின பேர், அப்பா பேர், விலாசம் சரியான்னு டிஸ்சார்ஜ் கவுண்டர்லயே ஒரு தடவை படிச்சு பாருங்க. பதிவானப்புறம் தமிழ்நாட்டுல ஆன்லைன்லயே இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம், ப்ரோக்கருக்கு காசு குடுக்க வேண்டியதே இல்ல.

காசுன்னதும் ஞாபகம் வருது. அரசு ஆஸ்பத்திரில இறந்தவங்களை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டு போக இலவச அமரர் ஊர்தி இருக்கு, 155377க்கு போன் பண்ணனும், ஆனா கேட் வாசல்ல நிக்கிற வண்டிக்காரர் கேட்ட தொகையை அழுதுட்டே எடுத்து குடுக்கிறவங்கதான் இன்னும் அதிகம். சென்னை மாநகராட்சி மயானங்கள்லயும், கண்ணம்மாபேட்டை, பெசன்ட் நகர், ஓட்டேரி எதுவா இருந்தாலும் தகனத்துக்கு கட்டணம் கிடையாது. அங்க வேலை பாக்குறவங்களுக்கு நீங்களா விரும்பி ஏதாவது குடுக்கிறது வேற (குடுக்கலாம், அந்த வேலையை நம்மால செய்ய முடியாது), ஆனா "இவ்வளவு ஃபீஸ்"னு யாராவது சொன்னா ரசீது கேளுங்க.

ஃபியூனரல் சர்வீஸ்காரங்களை குறை சொல்லல, நல்லா செய்றவங்க இருக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுக்கிற தொழில் அது. தப்பு நம்ம பக்கம். "எல்லாத்தையும் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறோம். பெட்டி வாடகை எத்தனை மணி நேரத்துக்கு, வண்டில பூ அலங்காரம் சேர்த்தா தனியா, பறையும் புரோகிதரும் அதுல வருமா, வெயிட்டிங் சார்ஜ் உண்டா, இதை எல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா வாங்கிக்கோங்க. துக்கத்துல இல்லாத ஒருத்தர், மருமகனோட ஃபிரெண்டு மாதிரி யாராவது, பேசினா இன்னும் நல்லது.

பெட்டிய பத்தியும் சொல்லிடுறேன். அது உடம்பு கெடுறதை தள்ளிப்போடும், நிறுத்தாது. வர்றவங்க எல்லாம் முகம் பாக்கணும்னு மூடியை தொறந்து தொறந்து வெச்சா கூலிங் நிக்காது. பையன் அமெரிக்காவுலேர்ந்து வர நாலஞ்சு நாள் ஆகும்னா பெட்டியை மட்டும் நம்பாதீங்க, மார்ச்சுவரிலயோ எம்பாமிங் (உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்துறது) பண்ணியோ வைக்கணும், ஃப்ளைட்ல உடலை அனுப்புறதுன்னா எம்பாமிங் சர்டிபிகேட் எப்படியும் கேப்பாங்க. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக்காக நெஞ்சுக்குள்ள வைக்கிற கருவி) வெச்சவங்கன்னா தகனத்துக்கு முன்னாடி கட்டாயம் எடுத்துடணும், அதுல இருக்கிற பேட்டரி சூட்டுல வெடிக்கும். இதை டாக்டர்கிட்டயும் சர்வீஸ்காரங்ககிட்டயும் நீங்கதான் சொல்லணும், வெளிய பாத்தா அவங்களுக்கு எப்படி தெரியும்.

இனி தன்னோட சாவுக்கு தானே ஏற்பாடு பண்ணி வைக்கிறவங்க. தைரியசாலிங்கதான், ஆனா அவங்க பண்ற பெரிய தப்பு, அதை உயில்ல எழுதி லாக்கர்ல பூட்டி வைக்கிறது. உயிலை எப்ப பிரிப்பாங்க? கருமாதி எல்லாம் முடிஞ்சு, சொத்து பேச்சு வரும்போது. "சடங்கு எதுவும் வேணாம், உடலை மெடிக்கல் காலேஜுக்கு குடுத்துடுங்க"ன்னு அதுல எழுதி இருக்கும், அஸ்தியை அதுக்குள்ள கடல்ல கரைச்சிருப்பாங்க. இன்னொன்னு, இப்படி எழுதினாலே குடும்பம் கட்டாயம் செஞ்சாகணும்னு நினைக்காதீங்க, நடைமுறைல கடைசி முடிவு பக்கத்துல இருக்கிற வாரிசுங்க கையிலதான். உடல் தானத்துக்கு நீங்க ஃபார்ம் போட்டு கார்டு வாங்கி வெச்சிருந்தாலும் அவங்க சம்மதிச்சு ஒப்படைக்கணும். அதனால ஒத்துக்காத மாமா யாரோ அவர்கிட்ட இப்பவே பேசிடுங்க, ஒத்துக்கிறவங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுது.

உடல் தானம், உறுப்பு தானம், கண் தானம் மூணும் ஒண்ணுன்னு பலபேர் நினைக்கிறாங்க. இதயம், கல்லீரல் எல்லாம் பொதுவா ஐசியூல மூளைச்சாவு ஆனவங்ககிட்ட இருந்துதான் எடுக்க முடியும், வீட்டுல இறந்தா முடியாது. (உறுப்பு தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்குன்னு தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர்ல அறிவிச்சது.) உடல் தானம் மெடிக்கல் காலேஜ் அனாடமி டிபார்ட்மென்டுக்கு, போஸ்ட்மார்ட்டம் ஆன உடலை பொதுவா வாங்க மாட்டாங்க, சில தொற்று நோய் இருந்தாலும் அப்படித்தான். அதனால ரெண்டாவது பிளான் ஒண்ணும் எழுதி வைங்க. கண் தானம் வீட்டுல இறந்தாலும் முடியும், வயசும் பெரிய தடை இல்ல, ஆனா 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண் வங்கி ஆளுங்க வர்ற வரைக்கும் இமையை மூடி, ஈரப் பஞ்சு வெச்சு, தலையை தலகாணில கொஞ்சம் தூக்கி வெச்சு, ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க. ஃபேனை ஃபுல் ஸ்பீட்ல ஓட விடுறதுதான் எல்லா வீட்டுலயும் நடக்குது, கண்ணு காஞ்சு போயிடும்.

கிறிஸ்தவ குடும்பம்னா கல்லறை பேப்பர் யார்கிட்ட இருக்குன்னு இப்பவே தேடுங்க. கீழ்ப்பாக்கம் மாதிரி பழைய கல்லறைகள்ல இடம் ரொம்ப நெருக்கடி, குடும்பக் கல்லறையைத்தான் திரும்ப திறக்க வேண்டி வரும், அதுக்கு அந்த பேப்பர் கேப்பாங்க. அது பெரியப்பா பீரோலயோ, துபாய்ல இருக்கிற அவர் மகன்கிட்டயோ இருந்தா என்ன பண்ணுவீங்க.

செலவுக்கு கொஞ்சம் பணம், எடுக்க கூடிய இடத்துல இருக்கணும். இறந்தவர் ஏடிஎம் கார்டை வெச்சு பணம் எடுக்கிறது நம்ம ஊர்ல சர்வசாதாரணம், பின் நம்பர் தெரியும்ல, ஆனா அது சட்டப்படி தப்பு, வாரிசுங்களுக்குள்ள சண்டை வந்தா பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதியோட நிக்கும். யார் செலவு பண்றாங்களோ அவங்க பில்லை எடுத்து வைக்கட்டும், நியாயமான ஈமச் செலவை மத்த கடனுக்கு முன்னாடி சொத்துல இருந்து குடுக்கணும்னு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 320ஆவது பிரிவே சொல்லுது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம்ங்கிற ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தா இந்த தலைவலியே பாதி இல்ல.

இதெல்லாம் ஒரு பக்கத்துல எழுதலாம்: டாக்டர் நம்பர், எரிக்கிறதா புதைக்கிறதா, எந்த மயானம், கண் வங்கி நம்பர், பேஸ்மேக்கர் இருக்கா, யாருக்காக காத்திருக்கணும் யாருக்காக வேணாம். ஒரு காப்பி பசங்களுக்கு வாட்ஸ்அப்ல, ஒரு காப்பி எதிர் வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, பசங்க வெளியூர்லேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் எல்லாத்தையும் பண்ணப்போறது அவர்தான்.