எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லையா? அசை விளையாட்டு செய்யும் முறை

247 எழுத்தையும் ஒப்பிக்கும் பிள்ளை, 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் "ப... இட்... ட... இம்..." என்று திணறுகிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. புள்ளி வைத்த எழுத்து முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதே சொல்லைப் பத்து முறை எழுதவைத்தால் கைதான் வலிக்கும். சொல்லை அசை அசையாகக் கேட்கவும் பார்க்கவும் பழக்க வேண்டும். நான் அசை என்பது யாப்பிலக்கண அசையை அல்ல, வாயில் ஒரே வீச்சில் வரும் ஒலித்துண்டை.

1. முதலில் காது மட்டும்

புத்தகம், பலகை எதுவும் வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள். பிறகு வீட்டுச் சாமான்கள்: தட்-டு, இரண்டு தட்டல். தக்-கா-ளி, மூன்று. நாய்க்-குட்-டி, அதுவும் மூன்றுதான். எண்ணிக்கை தவறினால் "தப்பு" என்று சொல்லாமல், நீங்களே ஒருமுறை மெதுவாகத் தட்டிக் காட்டுங்கள். இது சரளமாக வந்த பிறகே அட்டையை எடுங்கள்.

2. பத்து அட்டை

பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுகளாக வெட்டுங்கள். ஆறில் பட், கட், தட், சட், வட், முட். வேறு நிறத்தில் நான்கு: டம், டி, டை, டு. 'பட்' ஒரே சீட்டில் இருப்பதால் புள்ளி எழுத்தைத் தனியாக இழுத்துச் சொல்ல இடமே இல்லை.

முதல் நிறத்தில் ஒன்று, அடுத்த நிறத்தில் ஒன்று எடுத்துச் சேர்த்து வாசிக்க வேண்டும். பட்டம், கட்டி, சட்டை, முட்டை, வட்டம், தட்டு என்று இருபது சொல்லுக்கு மேல் வரும். 'சட்டு' போல ஏதாவது வந்தால் "இப்படி ஒரு சொல் இருக்கா?" என்று கேளுங்கள். உருப்போட்டுச் சொல்லாமல் உண்மையாகவே வாசித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இது பழகியதும் தங்-கம், சங்-கு, பங்-கு. இங்கே 'க' மெலிந்து ஒலிக்கும். விளக்கம் சொல்லாதீர்கள், முழுச்சொல்லாகச் சொல்லிக் காட்டினால் காதே பிடித்துக்கொள்ளும்.

3. பாண்டிக் கட்டம்

தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அசை எழுதுங்கள். தாவும்போது அசையைச் சொல்ல வேண்டும், கடைசிக் கட்டத்தில் முழுச்சொல்.

4. கொம்பும் காலும்

பல பிள்ளைகள் சிக்குவது இங்கேதான். 'கொ'வில் கொம்பு கண்ணுக்கு முதலில் படுகிறது, வாயிலோ 'க்' முதலில் வருகிறது. 'க' ஒரு சீட்டு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் தனித்தனிச் சீட்டு. 'க'வை நடுவில் வைத்து மற்றவற்றைப் பிள்ளையே நகர்த்தட்டும்: க, கா, கெ, கே, கொ, கோ. அப்புறம் கொடி, கோடி என்று ஜோடியாகக் கொடுங்கள். சீட்டில் காலையும் 'ர'வையும் வேறுபாடு தெரியும்படி எழுதுவது முக்கியம்.

தாத்தா பாட்டி சொல்லித்தரும் வீடுகளில் இன்னொன்று கவனியுங்கள். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்கள் 'லை', 'னை' போன்றவற்றைப் பழைய துதிக்கை வடிவில் எழுதக்கூடும். சீட்டில் பாடப்புத்தக வடிவமே இருக்கட்டும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை இன்னும் ஆடக் கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். சில வாரம் ஆகியும் கைதட்டலே பிடிபடாவிட்டால் காதையும், சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனால் பார்வையையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.