அசெம்பிளி தேர்தலில் இளைஞர்கள் ஓட்டுப்பதிவுக்கு முன்பே தோற்பது எப்படி

நியூயார்க் மாநில அசெம்பிளியில் (சட்டமன்றத்தின் கீழவை) 150 இடங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அத்தனைக்கும் தேர்தல். வாடகைதாரர் சங்கம் நடத்தியோ டாக்ஸி ஓட்டுநர்களுக்காகக் கொடி பிடித்தோ பேட்டையில் பெயர் வாங்கிய, வேறு நாட்டில் பிறந்த இளைஞர்கள் ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்கிறார்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை. கம்பாலாவில் பிறந்த ஸோரான் மம்தானி, கடன் கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர். 2018-இல் குடியுரிமை வாங்கி, 2020-இல் நியூயார்க் நகரின் அஸ்டோரியா அடங்கிய 36-ஆம் தொகுதியின் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில்), கிட்டத்தட்டப் பத்து வருடமாக அந்த இடத்தில் இருந்தவரைச் சில நூறு ஓட்டில் தோற்கடித்தார். இந்தக் கதையைக் கேட்டுக் கிளம்புகிறவர்களில் பலருக்கு வாக்குச்சீட்டில் பெயர்கூட வருவதில்லை.

மேடையில் நாக்குக் குழறுவது, போஸ்டரில் பிழை விடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

எங்கே குடியிருக்கிறீர்கள்?

மாநில அரசியல் சட்டம் கேட்பது மூன்று: அமெரிக்கக் குடியுரிமை, நியூயார்க்கில் ஐந்து வருட வாசம், தொகுதிக்குள் தேர்தலுக்கு முந்தைய 12 மாத வாசம். தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த வருடத்தில் மட்டும், தொகுதிக்குப் பதிலாக அந்தக் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 12 மாதம் இருந்தால் போதும். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்துதான் ஐந்து வருடக் கணக்கு என்று நினைத்துப் பின்வாங்குகிறவர்கள் உண்டு. அப்படியில்லை.

ஆள் எங்கே தூங்கினார் என்பதைவிட, காகிதம் எந்த ஊரைச் சொல்கிறது என்பதுதான் வழக்கில் எடுபடும். 2016-இல் மாநில செனட்டுக்கு (மேலவைக்கு) நிற்கவந்த ஸ்டீவன் கிளிக்மன், 2014-இல் வாஷிங்டன் டிசியில் வாக்காளராகப் பதிந்திருந்தார். அந்த ஒரு பதிவே ஐந்து வருடத் தொடர்ச்சியை அறுத்துவிட்டது என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிக்கு வெளி மாநிலம் போய் அங்கேயே ஓட்டுப் போட்டவர்கள், நியூ ஜெர்ஸி லைசென்ஸை இன்னும் மாற்றாதவர்கள், வேறு மாநிலத்தில் குடியிருப்பவராக வரி கட்டியவர்கள், போட்டியை அறிவிக்கும் முன் ஒரு தேர்தல் வக்கீலிடம் உட்கார்ந்துவிடுங்கள்.

கையெழுத்துத் தாள்

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பிப்ரவரியில் அதே கூத்து.

கட்சிப் பிரைமரியில் பெயர் வர, அசெம்பிளிக்கு 500 செல்லுபடியான கையெழுத்து வேண்டும். தொகுதியில் அந்தக் கட்சிக்காரர்களின் எண்ணிக்கையில் 5 சதவீதம் அதைவிடக் குறைவென்றால் அது போதும். மாநில செனட்டுக்கு 1,000. பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம்வரை ஐந்து வாரம்போலத்தான் கிடைக்கும். 2020-இல் கொரோனாவால் கணக்கை 30 சதவீதமாகக் குறைத்து மார்ச் 17-ஆம் தேதியே முடித்துவிட்டார்கள். அந்த வருடம் ஜெயித்தவரைப் பார்த்து ‘கையெழுத்தெல்லாம் பெரிய விஷயமில்லை’ என்று நினைப்பவருக்கு இது தெரிந்திருக்காது.

கையெழுத்துப் போடுகிறவர் தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும், வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும், அந்தக் கட்சியின் பெயரிலேயே பதிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரி போச்சு. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டால் ஒரு மணி நேரத்தில் தாள் தாளாக நிரம்பும். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் நியூ ஜெர்ஸி எடிசனிலிருந்தும் லாங் ஐலண்ட் ஹிக்ஸ்வில்லிலிருந்தும் காரோட்டி வந்தவர்கள். மீதியில் கிரீன் கார்டுக்காரர்கள், எந்தக் கட்சியும் வேண்டாமென்று பதிந்தவர்கள், மாமனார் மாமியாராக ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்தவர்கள். தேறுவது சொற்பம். வீடு வீடாகப் போய், கையிலிருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கதவைத் தட்டினால் மணிக்குப் பத்துதான் கிடைக்கலாம். அந்தப் பத்தும் நிற்கும்.

இதுவரை சொன்னது வரி வரியாகப் போகும் நஷ்டம். தாள் தாளாகப் போவது வேறு இடத்தில். ஒவ்வொரு தாளின் அடியிலும் சாட்சிக் கையெழுத்து உண்டு: ‘இவர்கள் என் முன்னால் போட்டார்கள்’ என்று, தாளைச் சுமந்தவர் போடுவது. அந்தச் சாட்சி பொதுவாக நியூயார்க் மாநிலத்தில், அதே கட்சியில் பதிந்த வாக்காளராக இருக்க வேண்டும். தொகுதிக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. குடியேறிகளின் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்கிற பிள்ளைகள் யார்? எஃப்-1 விசாவில் படிக்கிறவர், கிரீன் கார்டுக்காரர், 18 வயதில் ‘கட்சி வேண்டாம்’ என்று கட்டமடித்துப் பதிந்த குடிமகன். இவர்களில் யார் சாட்சி போட்டாலும் அந்தத் தாளிலுள்ள அத்தனை பேரும், நூற்றுக்கு நூறு தகுதி உள்ளவர்களானாலும், கணக்கில் வரமாட்டார்கள். ஒரு தாளில் பொதுவாகப் பத்து வரி. சுறுசுறுப்பான ஒரே ஒரு பையன் ஐம்பது தாளைப் பாழாக்கிவிடுவான். எதிராளியின் வக்கீல் முதலில் தேடுவதும் சாட்சியின் பெயரைத்தான். ஒரு பெயர் விழுந்தால் ஐநூறு விழும்.

இதற்கு வழி எளிது, யாரும் செய்வதில்லை. தாளைக் கையில் கொடுக்கும் முன் அந்த ஆளின் பதிவை மாநில இணையதளத்தில் பார்த்து அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். கட்சி இல்லாதவர் கட்சியில் சேரவோ, வேறு கட்சிக்காரர் மாறவோ பிப்ரவரி 14 கடைசி நாள். பெட்டிஷன், அதாவது கையெழுத்து வாங்கும் வேலை, தொடங்கியபின் விழித்துக்கொண்டால் பயனில்லை. விசாக்காரரையும் கிரீன் கார்டுக்காரரையும் சும்மா இருக்கச் சொல்ல வேண்டாம்: பட்டியலைச் சரிபார்க்கலாம், தகுதியுள்ள ஒருவருடன் சேர்ந்து கதவு தட்டலாம், மொழிபெயர்த்துச் சொல்லலாம். பேனாவும் தாளும் மட்டும் தகுதியுள்ளவர் கையில்.

பிறகு இந்தக் காட்சி. அம்மா கதவைத் திறக்கிறார். தாளோடு வந்த பிள்ளையைத் தெரியும், சங்கத்தில் பார்த்திருக்கிறார். போட்டு முடித்துவிட்டு, "அவர் வேலைக்குப் போயிருக்கார் தம்பி, அவருக்கும் சேத்து நானே போட்டுடறேன்." பாசமாகத்தான் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, தம்பி தாளை நீட்டுகிறார். ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து இரண்டு வரி, பார்த்தவுடனே தெரியும். பார்க்காத கையெழுத்துக்குச் சாட்சி சொன்னது மோசடி. அதை வேட்பாளரே செய்திருந்தால் ஒட்டுமொத்தப் பெட்டிஷனையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வாருங்கள், அவரே போடுவார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மையால் மட்டும். கையெழுத்தை வாக்காளரே போட வேண்டும். முகவரியையும் தேதியையும் நீங்கள் நிரப்பலாம். நியூயார்க் நகரத்துக்குள் ஊர் என்ற இடத்தில் கவுன்ட்டி பெயர். அதே பதவிக்கு இன்னொருவருக்கு முந்தைய தேதியில் போட்டிருந்தால் உங்களுடையது செல்லாது; ஒரே தேதியென்றால் இரண்டும் செல்லாது. ஆகவே முதல் வாரமே ஓடுங்கள். சாட்சியின் தேதி, தாளிலுள்ள கடைசிக் கையெழுத்தின் தேதிக்கு முன்னதாக இருக்கக் கூடாது. சாட்சிப் பகுதியில் எதையாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சாட்சியே சுருக்கொப்பம் போட வேண்டும். இல்லையென்றால் தாளே போகும்.

500 வேண்டுமென்றால் 1,500 வாங்குங்கள். அன்றன்றைக்கு ராத்திரி ஒவ்வொரு வரியையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சந்தேகமான தாளைத் தாக்கல் செய்யாதீர்கள். தாக்கலான மூன்று நாளுக்குள் பொது ஆட்சேபம் வரும், அடுத்த ஆறு நாளுக்குள் வரிவாரியான ஆட்சேபப் பட்டியல். அந்த ஒன்பது நாளில் வக்கீல் தேட ஆரம்பிப்பவர் அநேகமாகத் தோற்றுவிட்டார்.

சங்கத்தின் பெயர்ப் பட்டியல்

வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்பில் வேலை பார்த்தால், அதன் உறுப்பினர் பட்டியல், வாட்ஸ்அப் குழு, பிரின்டர், கூட்டம் போடும் அறை எதையும் தொடாதீர்கள். வேட்பாளருக்கு ஆதரவு காட்டினால் அமைப்பின் வரிவிலக்கே போகலாம். விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்த போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். கோயிலும் மசூதியும் இதே கணக்குதான்; மேசையை வெளியே பொது நடைபாதையில் போடுங்கள்.

டொரன்டோ சித்தப்பாவின் பணம்

வாங்காதீர்கள்.

குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் மட்டுமே தரலாம். எச்-1பி, எஃப்-1 காரர்கள் இங்கேயே வரி கட்டினாலும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. மாநிலத் தேர்தலுக்கும் இது பொருந்தும் கூட்டாட்சிச் சட்டம். சம்பளமில்லாமல் உழைக்கலாம், செலவு முடிவுகளில் தலையிடக் கூடாது. உண்மையில் வெளிப்பணம் தேவையும் இல்லை. மாநிலத்தின் பொதுநிதித் திட்டத்தில், தொகுதிக்குள் குடியிருப்பவர் தரும் 250 டாலருக்கு மாநிலம் 2,300 டாலர் சேர்க்கிறது. முதல் 50 டாலருக்குப் பன்னிரண்டு மடங்கு என்பதால், பத்துப் பேர் ஆளுக்குத் தரும் ஐம்பது டாலர்தான் லாபம். திட்டத்தில் நுழைய, தொகுதிக்குள் பணம் தந்தவர்கள் 75 பேரும் பொதுவாக 6,000 டாலரும் வேண்டும். வருமானம் குறைந்த தொகுதிகளில் இந்தத் தொகை குறையும்.

கூகுள் மொழிபெயர்ப்பில் நோட்டீஸ்

அச்சடிக்கும் முன் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள்.

ஓட்டர் பதிவுப் படிவம்

ஆர்வத்தில் எல்லார் கையிலும் படிவத்தைத் திணிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர் பதிந்தால், அதிலுள்ள ‘நான் குடிமகன்’ என்ற கட்டம் பொய் வாக்குமூலமாகிவிடும். பின்னால் அவர் குடியுரிமைக்கு நிரப்பும் என்-400 படிவம், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேராகவே கேட்கிறது. அங்கிருந்து நாடு கடத்தல் வழக்குவரை போகலாம். ‘சங்கத்துப் பையன் கொடுத்தான், போட்டேன்’ என்பது அங்கே எடுபடாது. ஏற்கனவே பதிந்துவிட்டதாக யாராவது சொன்னால், நீங்களே ரத்துக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் குடிவரவு வக்கீல், பிறகுதான் தேர்தல் அலுவலகம்.