பழைய பார்ட்ஸ வச்சு ஒரு உருப்படியான டெஸ்க்டாப்: முதல் தடவ அசெம்பிள் பண்றவங்களுக்கு

பரண் மேல ஒரு பழைய சிபியு, தெரிஞ்சவங்க ஆபீஸ்ல ஓரங்கட்டின டப்பா ஒண்ணு, ஸ்க்ரீன் போன லேப்டாப் ஒண்ணு, இதுல ரெண்டு உங்க கைக்கு வந்தாலே ஒரு நல்ல கம்ப்யூட்டருக்கு முக்கால்வாசி சாமான் ரெடின்னு அர்த்தம். இத எடைக்கு போட்டுட்டு, கையில இருக்கற காசுக்கு கெடைக்கற மட்டமான புது மாடல வாங்கிட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு மனசே கேக்காது. 2013ல வந்த நாலாவது ஜெனரேஷன் ஐ5ல நாலு கோர் இருக்கு, பசங்க படிப்பு, டைப்பிங், ஆன்லைன் ஃபார்ம், யூடியூப் எல்லாத்துக்கும் அது இன்னைக்கும் தாராளமா தாங்கும். அது ஸ்லோவா இருக்குன்னு சொல்றவங்க வீட்ல போய் பாத்தீங்கன்னா பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்ல தான் விண்டோஸ் ஓடிட்டு இருக்கும், ப்ராசஸர் மேல தப்பே இருக்காது.

அதனால நான் சொல்றது ஒண்ணு தான். புதுசா காசு போடறது ரெண்டே சாமானுக்கு: எஸ்எம்பிஎஸ் (எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பெட்டி), எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடற வேகமான டிஸ்க்). மத்ததெல்லாம் வீட்ல கெடந்தது, கேட்டு வாங்கினது, செகண்ட்ஸ்ல எடுத்தது, எதுவா இருந்தாலும் ஓகே.

ஸ்டெப் 1: கையில என்ன போர்டு இருக்குன்னு பாருங்க

எல்லாத்தையும் முடிவு பண்றது மதர்போர்டு தான், அதாவது மத்த சாமானெல்லாம் மாட்டற பெரிய பலகை. எந்த ப்ராசஸர், எந்த ரேம், எத்தன டிஸ்க்குன்னு அது சொல்றது தான் கணக்கு. கேபினெட்ட தெறந்து டார்ச் அடிச்சு பாத்தா போர்டு மேலயே மாடல் பேர் பிரிண்ட் ஆகியிருக்கும், அத ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, கம்பெனி சைட்ல அந்த பேர போட்டா எந்தெந்த ப்ராசஸர் சேரும்னு லிஸ்டே வரும்.

இன்டெல்ல பொதுவா இப்படி இருக்கும். சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்கார்ற எடம், எல்ஜிஏ 1155 சாக்கெட்ல 2வது, 3வது ஜெனரேஷன், 1150ல 4வது, 1151ல 6வது, 7வது. 8வது, 9வது ஜெனரேஷனுக்கும் சாக்கெட் பேர் 1151 தான், ஆனா அதுக்கு 300 சீரிஸ் சிப்செட் (போர்டோட மெயின் சிப்) உள்ள போர்டு வேணும், பழைய 1151 போர்டுல போட்டா ஓடாது. இந்த எடத்துல தான் செகண்ட்ஸ் வாங்கறவங்க நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

உதாரணத்துக்கு இங்க எச்81 சிப்செட் உள்ள ஒரு 1150 போர்டும் ஐ5 4570 ப்ராசஸரும் இருக்குன்னு வச்சுக்குவோம், பழைய சாமான்ல ரொம்ப சகஜமா கெடைக்கற ஜோடி இது. எச்81ல ரேம் ஸ்லாட் ரெண்டு தான், மொத்தம் 16 ஜிபி வரைக்கும் டிடிஆர்3 ரக ரேம் போடலாம். உங்க கிட்ட 4590, 4460 மாதிரி கொஞ்சம் பின்னாடி வந்த ப்ராசஸர் இருந்தா, போர்டுல பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற, போர்டுக்குள்ளயே இருக்கற ப்ரோகிராம்) பழசா இருந்தா எடுக்காது, மொதல்ல வேற நாலாவது ஜெனரேஷன் ப்ராசஸர போட்டு பயாஸ் அப்டேட் பண்ணணும்.

டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் டப்பா கெடச்சிருந்தா அத பிரிச்சு வேற கேபினெட்டுக்கு மாத்தாதீங்க. நிறைய மாடல்ல பவர் கனெக்டரே வேற மாதிரி இருக்கும், கடையில வாங்கற 24 பின் எஸ்எம்பிஎஸ் அதுல சொருகவே முடியாது, பட்டன் ஒயரும் வேற. அந்த மாதிரி டப்பாவ அப்படியே அதோட எஸ்எம்பிஎஸ்ஸோட வச்சுக்கிட்டு, ரேம கூட்டி ஒரு எஸ்எஸ்டி போட்டா போதும், நீங்க நேரா ஸ்டெப் 6க்கு போயிடலாம்.

ஸ்டெப் 2: கண்ணால பாத்தே கழிக்க வேண்டியது

கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி போர்ட வெளிச்சத்துல வச்சு நல்லா பாருங்க. ப்ராசஸர் பக்கத்துல சின்ன சின்ன உருளையா நிக்கும் பாருங்க, அது தான் கெப்பாசிட்டர், அதோட தல தட்டையா இருக்கணும். உப்பியிருந்தாலோ பழுப்பா ஏதாவது கசிஞ்சிருந்தாலோ அந்த போர்ட எடுக்காதீங்க. அடுத்து சாக்கெட். இன்டெல்ல பின் எல்லாம் போர்டு பக்கம் தான் இருக்கும், ஃபோன் கேமராவ ஜூம் பண்ணி சாய்வா பாத்தா எல்லா பின்னும் ஒரே வரிசையா மின்னும், ஒண்ணு ரெண்டு மட்டும் மின்னாம வேற பக்கம் சாஞ்சிருந்தா அது வளஞ்ச பின். விரல அதுக்குள்ள விட்டுறாதீங்க. ஏஎம்டி கம்பெனியோட ஏஎம்4 சாக்கெட்ல இது தலைகீழ், பின் ப்ராசஸர் அடியில இருக்கும்.

லேப்டாப்ல இருந்து எது எடுக்கலாம்னு கேப்பாங்க. ரேம் எடுக்க முடியாது, அது நீளம் கம்மி, டெஸ்க்டாப் ஸ்லாட்ல உக்காராது. ஆனா ரெண்டரை இன்ச் சாட்டா (டிஸ்க்க போர்டோட சேக்கற கனெக்டர் ரகம்) ஹார்ட் டிஸ்க் அப்படியே டெஸ்க்டாப்ல சேரும், அதே கனெக்டர் தான். 2011ல இருந்து கவர்மென்ட் குடுத்த இலவச லேப்டாப் பேட்டரி போயி ஸ்க்ரீன் போயி எத்தனையோ வீட்ல சும்மா கெடக்கு, அதுக்குள்ள இருக்கற டிஸ்க் போட்டோ, வீடியோ வச்சுக்க நல்லாவே உதவும்.

ரேம் வேணும்னா சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட், பக்கத்துல நரசிங்கபுரம் தெரு, அங்க செகண்ட்ஸ் டிடிஆர்3 கெடைக்கும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி "அண்ணா, போட்டு டிஸ்ப்ளே காட்டுங்க"ன்னு கேளுங்க, டெஸ்டிங் டைம் எத்தன நாள்னு பில்லுலயே எழுதி வாங்கிக்குங்க. டிடிஆர்3ல 240 பின், டிடிஆர்4ல 288 பின், நடுவுல இருக்கற வெட்டும் எடம் மாறியிருக்கும், உக்காரலன்னா அழுத்தாதீங்க. ஒரே 8 ஜிபிய விட ரெண்டு 4 ஜிபி நல்லது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் ரேமையே கிராபிக்ஸுக்கும் எடுத்துக்கும், ரெண்டு ஸ்லாட்லயும் இருந்தா டூயல் சேனல்ல வேகம் கூடும்.

ஸ்டெப் 3: எஸ்எம்பிஎஸ்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

பழைய கேபினெட்டோட வந்த எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்டுன்னு பெருசா போட்டிருக்கும். அத நம்பாதீங்க, பக்கத்துல இருக்கற ஸ்டிக்கர படிங்க. அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு இருக்கும், அத 12ஆல பெருக்குங்க. 14 ஆம்பியர்னா 168 வாட்டு, ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் டிஸ்க் மோட்டாருக்கும் நெஜமா போறது இது தான். 4570 ப்ராசஸர் 84 வாட்டு ரகம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு 150 வாட்டு தாண்டறதே அபூர்வம், அதனால பெரிய எஸ்எம்பிஎஸ் தேவையே இல்ல, ஆனா நல்ல எஸ்எம்பிஎஸ் தேவ. கரண்ட அதிகம் வீணாக்காதுன்னு காட்டற 80 ப்ளஸ் முத்திரை உள்ளதா, வாரன்டியோட, புதுசா வாங்குங்க. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தான் மட்டும் போகாது, போர்டு, டிஸ்க் எல்லாத்தையும் கூட்டிட்டு போயிடும்.

பழைய எஸ்எம்பிஎஸ் எதையும் தெறந்து உள்ள கை வைக்காதீங்க, பிளக்க கழட்டினதுக்கப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கற அளவுக்கு கரண்ட் நிக்கும்.

இன்னொண்ணு, கேபினெட்ட தொட்டா ஜிவ்வுன்னு ஒரு ஷாக் அடிக்கும்னு நிறைய வீட்ல சொல்லுவாங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர்ல இருந்து கொஞ்சூண்டு கரண்ட் எர்த் வழியா தான் போகணும், சுவர் பிளக்ல எர்த் இல்லன்னா அது தகரத்துலயே நிக்குது. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் சரி பண்ணுங்க, செருப்பு போட்டுக்கிட்டு சமாளிக்கறது தீர்வு இல்ல.

ஸ்டெப் 4: கேபினெட்டுக்கு வெளிய ஓட்டி பாருங்க

எல்லாத்தையும் உள்ள மாட்டி ஸ்க்ரூ போட்டு முடிச்சப்புறம் டிஸ்ப்ளே வரலன்னா எங்க தப்புன்னு தேடறதுக்குள்ள பாதி நாள் போயிடும், அதனால முதல்ல ஒரு காஞ்ச அட்டப்பெட்டி மேல போர்ட வச்சு ஓட்டுங்க. வெள்ளி கலர் ஆன்டி ஸ்டேட்டிக் கவர் மேல வைக்காதீங்க, அதோட வெளிப்பக்கம் கரண்ட கடத்தும். வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது ஒரு தடவ தொட்டுக்குங்க.

ப்ராசஸரோட மூலையில ஒரு தங்க கலர் முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் அதே குறி, ரெண்டையும் சேத்து மேல இருந்து சும்மா வைங்க, தானா உக்காரும். லிவர மூடும்போது கொஞ்சம் இறுக்கமா தான் இருக்கும், பயப்பட வேணாம். பழைய பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சால தொடச்சு எடுத்துட்டு, புது தெர்மல் பேஸ்ட பட்டாணி சைஸுக்கு நடுவுல வைங்க, விரலால தேய்க்க வேணாம், கூலர் அழுத்தறப்ப அதுவே பரவிக்கும்.

இன்டெல் கூலரோட நாலு கால் தான் புதுசா பண்றவங்கள படுத்தற சாமான். ஒவ்வொரு கால் மேலயும் ஒரு அம்புக்குறி இருக்கும், அது திருகாம இருக்கற நெலமையில இருக்கணும். குறுக்கா குறுக்கா அழுத்துங்க, ஒரு மூலை, அப்புறம் அதுக்கு எதிர் மூலை. நாலு தடவ டிக்னு சத்தம் கேக்கணும். போர்ட திருப்பி பாத்தா வெள்ள காலுக்கு நடுவுல கறுப்பு ஊசி நாலு எடத்துலயும் வெளிய எட்டி பாக்கணும், ஒண்ணு வரலன்னாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும், அஞ்சு நிமிஷத்துல சூடேறி ஆஃப் ஆயிடும். ஃபேன் ஒயர சிபியு ஃபேன்னு எழுதின எடத்துல சொருகுங்க.

இப்ப ஒரு ரேம், மானிட்டர் கேபிள், 24 பின் கனெக்டர், ப்ராசஸர் பக்கத்துல இருக்கற 4 பின் கனெக்டர், அவ்வளவு தான். அந்த 4 பின்ன விட்டுட்டா ஃபேன் சுத்தும் ஆனா டிஸ்ப்ளே வராது, போர்டு டெட்டுன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஆன் பண்ண பட்டன் வேண்டாம், போர்டு ஓரத்துல ஃப்ரன்ட் பேனல் பின் வரிசையில பவர் ஸ்விட்ச்சுக்கான ரெண்டு பின்ன ஸ்க்ரூட்ரைவர் நுனியால ஒரு செகண்ட் சேத்து தொட்டா போதும்.

டிஸ்ப்ளே வரலயா? நெறைய தடவ ரேம் தான் காரணம். கரண்ட ஆஃப் பண்ணி ரேம கழட்டி, அந்த தங்க பட்டைய பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, தூள தொடச்சுட்டு அடுத்த ஸ்லாட்ல மாட்டி பாருங்க, ரெண்டு பக்கமும் கிளிப் டக்குனு பூட்டணும். போர்டுல சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தா, திரும்ப திரும்ப நீளமா பீப் வந்தா பெரும்பாலும் ரேம் பிரச்சன தான். அப்பவும் வரலன்னா பவர் கேபிள கழட்டிட்டு சிஆர்2032 பேட்டரிய எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க. டேட்டும் டைமும் ஒவ்வொரு தடவயும் அழிஞ்சு போனா புது பேட்டரி போட்டுடுங்க. அப்புறம் ப்ராசஸர் பேர் கடைசியில எஃப் எழுத்து இருந்தா அதுல கிராபிக்ஸ் இல்ல, தனி கார்டு இல்லாம படமே வராது. 4570ல இருக்கு, பழைய விஜிஏ மானிட்டரே போதும்.

ஸ்டெப் 5: கேபினெட்டுக்குள்ள மாட்டறது

போர்டோட போர்ட்டெல்லாம் வெளிய தெரியற பின்னாடி தகடு மொதல்ல, போர்டு அப்புறம். கேபினெட்ல இருக்கற பித்தள ஸ்டாண்டாஃப் எல்லாம் போர்டு ஓட்டைக்கு நேரா மட்டும் இருக்கணும், ஓட்டை இல்லாத எடத்துல ஒண்ணு இருந்தா அது போர்டு அடியில பட்டு ஷார்ட் ஆயிடும், கழட்டிடுங்க. பட்டன் ஒயர்ல ப்ளஸ் மைனஸ் பாக்க வேண்டியதில்ல, எல்இடி ஒயருக்கு மட்டும் பாருங்க.

ஸ்டெப் 6: டிஸ்க்

எஸ்எஸ்டி 240 ஜிபி இருந்தா போதும், சாட்டா டைப். எச்81ல நாலு சாட்டா போர்ட்ல ரெண்டு தான் 6 ஜிகாபிட், வேற கலர்ல இருக்கும் இல்ல பக்கத்துல எழுதியிருக்கும், எஸ்எஸ்டிய அதுல சொருகுங்க. எம்.2 என்விஎம்இன்னு வர்ற வேற ரக எஸ்எஸ்டிய வாங்கிடாதீங்க, எச்81 காலத்து பழைய போர்டுல அத நேரா மாட்டி பூட் பண்ண முடியாது. பயாஸ்ல சாட்டா மோட ஏஎச்சிஐன்னு வைங்க. பழைய நாலு பின் மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்தற, உருக்கி ஒட்டின மாதிரி இருக்கற விலகம்மி ஒயர் வாங்காதீங்க, அது உள்ள ஷார்ட் ஆகி தீ பிடிக்கற ரகம். புது எஸ்எம்பிஎஸ்லயே சாட்டா பவர் வரும்.

ஸ்டெப் 7: ஓஎஸ்

விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா 8வது ஜெனரேஷன்ல இருந்து தான் எடுக்கும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் கேக்கும். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. அதனால இந்த மெஷினுக்கு நான் விண்டோஸுக்கு பதிலா இலவசமா கெடைக்கற லினக்ஸ் மின்ட் 22 தான் சொல்லுவேன், 2029 வரைக்கும் அப்டேட் வரும், விண்டோஸ் பழகினவங்களுக்கு கொழப்பமே இருக்காது. டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) மாதிரி ஒண்ணுக்கு விண்டோஸ் கட்டாயம் வேணும்னா, ஆரம்பத்துலயே 8வது ஜெனரேஷன் போர்டா தேடுங்க.

வேற கம்ப்யூட்டர்ல மின்ட்டோட ஐஎஸ்ஓ ஃபைல டவுன்லோட் பண்ணி, ரூஃபஸ் இல்ல எட்சர்ங்கற சாஃப்ட்வேர் வச்சு பென்டிரைவ்ல எழுதுங்க, ஆன் பண்றப்ப எஃப்12, எஃப்11, எஃப்8ல ஒண்ண அழுத்தினா பூட் மெனு வரும். இன்ஸ்டால் பண்றப்ப எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருக்கட்டும், பழைய ஹார்ட் டிஸ்க் ஒயர கழட்டி வைங்க, டிஸ்க்க அழிக்கவான்னு கேக்கறப்ப அப்ப தான் பயமில்லாம ஓகே குடுக்கலாம். மல்டிமீடியா கோடெக்ஸ்னு (பாட்டு, வீடியோ ஓட வேண்டியது) ஒரு டிக் பாக்ஸ் வரும், அத டிக் பண்ணிடுங்க.

முடிஞ்சதும் பழைய ஹார்ட் டிஸ்க்க மாட்டி, மின்ட்ல இருக்கற டிஸ்க்ஸ் ஆப்ல, டிஸ்க் எப்படி இருக்குன்னு சொல்ற ஸ்மார்ட் டேட்டாவ பாருங்க. ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் (டிஸ்க்ல கெட்டுப்போன, கெட்டுப்போற எடங்களோட கணக்கு) ரெண்டும் சைபரா இருந்தா வச்சுக்கலாம், நம்பர் ஏறிக்கிட்டே போனா அதுல இருக்கற குடும்ப போட்டோவ உடனே காப்பி எடுத்துட்டு ஒதுக்கிடுங்க.

யூடியூப் திணறினா ப்ரவுசர்ல எச்264ஐஃபை எக்ஸ்டென்ஷன் போடுங்க, இந்த ப்ராசஸரோட கிராபிக்ஸுக்கு புது வீடியோ கோடெக் தெரியாது, எச்.264 தெரியும், அதுல ஓட்டினா ப்ராசஸர் அலட்டிக்காது. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் (கீபோர்டு மொழிய மாத்தற சாஃப்ட்வேர்), அதோட எம்17என் பேக்கேஜ் ரெண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜர்ல போட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க, ஐபஸ் லிஸ்ட்ல தமிழ்99 கீபோர்டு முறை இருக்கும், அத சேத்துட்டா பசங்க அன்னைக்கே தமிழ்ல அடிக்க ஆரம்பிக்கலாம்.