மாடல் விமான எஞ்சினின் எரிபொருள் கலவையைத் தரையில் நின்றபடியே திருத்துவது எப்படி?

சேலத்தில் காலையில் ஒழுங்காக ஓடிய, மெத்தனால் எரிபொருளில் இயங்கும் சிறு கிளோ எஞ்சினை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கடந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் நீடிலை, அதாவது எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகை, அதே அளவில் வைத்து முடுக்கினால், அது புகையைக் கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும். எஞ்சினில் பழுது ஏதுமில்லை. சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள நகரத்தைவிட, 1,500 மீட்டரை ஒட்டிய மலையில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் வரத்து அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதால் கலவை செறிந்துவிடுகிறது, அதாவது காற்றுக்கு எரிபொருள் மிகுந்துவிடுகிறது. அங்கே நீடிலை மூடும் பக்கம் திருகிவிட்டு, மலை இறங்கியதும் அதை மறந்து சேலத்து வெயிலில் அப்படியே பறக்க விடுவதுதான் ஆபத்து. மெத்தனாலில் கலந்திருக்கும் எண்ணெயே இந்த எஞ்சினுக்கு மசகு. கலவை மெலிந்தால், அதாவது எரிபொருள் குறைந்தால், சூடு ஏறும் நேரத்திலேயே மசகும் குறைகிறது.

ஒரே பறப்பிலும் கலவை மாறும். டேங்கில் மட்டம் இறங்கும்போதும், மூக்கைத் தூக்கி ஏறும்போதும் அது மெலியும். இந்தச் சிறு மாற்றங்களைத் திருத்துவதற்குத்தான், தரையிலிருந்து வரும் ரேடியோ கட்டளைப்படி நீடிலைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ தேவை. ஆகவே முதலில் எஞ்சினைக் கையாலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். டேங்கின் நடுக்கோடு நீடிலுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். முழு த்ராட்டிலில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பு முழுதும் திறந்த நிலையில்) வேகம் உச்சத்தைத் தொடும்வரை நீடிலை வலப்புறம் திருகி, பிறகு சுழற்சி நிமிடத்துக்கு 300 அளவு இறங்கும்படி இடப்புறம் திறந்துவிட வேண்டும். விமானத்தை ஒருவர் மூக்கு மேலே இருக்குமாறு தூக்கிப் பிடிக்கும்போது சத்தம் சற்று உயர்ந்தால் சரி. தொய்ந்தால் இன்னும் திறக்க வேண்டும். கிடைத்த இடத்தில் ஒரு சொட்டு பெயின்டால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீடிலைக் கிளிக் கிளிக்கென்று நிறுத்தும் ஸ்பிரிங்கோடு சர்வோ மல்லுக்கட்டக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு, காற்று கசியாமலும் நீடில் தானாகச் சுழலாமலும் இருக்க, இறுக்கமான சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றை நீடிலின்மேல் செருக வேண்டும். பிறகு திருகுள்ள ஒரு வீல் காலரை (சிறு உலோக வளையத்தை) நீடிலில் மாட்டி, அதில் 12 முதல் 15 மில்லிமீட்டர் நீளக் கை ஒன்றைப் பொருத்தி, மெல்லிய கம்பியால் சர்வோவோடு இணைக்கலாம். சர்வோவை எஞ்சினின் சூட்டிலிருந்தும் அதிர்விலிருந்தும் விலக்கி, ரப்பர் வளையங்களின் மேல் வைப்பது நல்லது. நீடில் பின்பக்கம் அமைந்த எஞ்சின் கிடைத்தால் வேலை பாதியாகக் குறைகிறது. கையும் புரொப்பெல்லரிலிருந்து தள்ளியே இருக்கும்.

சர்வோவின் நகர்வை மொத்தம் 60 பாகை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்வோவின் கையும் நீடிலின் கையும் ஒரே நீளமானால் நீடிலும் சுற்றில் ஆறில் ஒரு பங்குதான் நகரும். அது போதும். இன்னும் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் அடிப்படை அளவைக் கையால் சரிசெய்யாமல் விட்டவர்கள் என்பது என் கருத்து. அந்த நகர்விலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மெலிவுப் பக்கத்துக்குக் கொடுத்து, மிச்சத்தைச் செறிவுப் பக்கத்துக்கு விடுங்கள். மெலிவு எல்லையில், நீடிலின் கை முட்டி நிற்கும்படி எஞ்சின் மவுன்ட்டில் ஒரு திருகாணியைக் கட்டாயம் பதிக்க வேண்டும். நம் கையிலுள்ள ரேடியோ கருவியான டிரான்ஸ்மிட்டரில் போடும் எல்லையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆனால் முட்டிக்கொண்டே நிற்கும் சர்வோ பேட்டரியைத் தின்றுவிடும். ஆகையால் மின்னணு எல்லை அந்தத் திருகாணிக்கு மயிரிழை முன்பே முடிய வேண்டும்.

இதற்குச் சுவிட்ச் உதவாது. திருகும் குமிழ் உள்ள துணைச் சேனல் வேண்டும். குமிழை வலப்புறம் திருப்பினால் கலவை மெலியட்டும், கை பழகிய திசை அதுதான். எஞ்சினை முடுக்குவதற்கு முன் நீடில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒருமுறை சேனல் திசை தலைகீழாக இருந்ததைக் கவனியாமல், செறிவாக்குவதாக நினைத்து மெலியவைத்து, ஒரு பிஸ்டனை நானே கீறலாக்கியிருக்கிறேன். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் ஐடிலுக்கும் (மிகக் குறைந்த வேகத்துக்கும்) கலவை செறிவுக்கும் போகும்படி ஃபெயில்சேஃப் அமைக்க வேண்டும்.

செறிவான நிலையிலேயே மேலேற்றி, போதிய உயரத்தில் சமமாகப் பறக்கும்போது குமிழைக் கொஞ்சமே திருப்புங்கள். மாற்றம் காதுக்கு எட்ட இரண்டு மூன்று விநாடிகள் ஆகும். பொறுக்காமல் மீண்டும் திருப்புவதே புதியவர்கள் செய்யும் தவறு. கரகரப்பு நீங்கிச் சத்தம் தெளிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தெளிந்து உயர்ந்த சத்தம் பிறகு தொய்ந்தால் அளவு மீறிவிட்டது. உடனே செறிவுப் பக்கம் திருப்பி, த்ராட்டிலைக் குறைத்து இறக்கிவிட வேண்டும். ஐடிலில் இந்தக் குமிழ் பெரிதாக வேலை செய்யாது, அது கார்புரேட்டரின் சிறு நீடிலின் பொறுப்பு.

பறக்கவிட, காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து நன்கு விலகிய வெட்டவெளியைத் தேர்ந்தெடுங்கள். வற்றிய ஏரிப் படுகை வசதியானதுதான்; ஆனால் அதன் புழுதி நீடிலில் அடைத்தாலும் எஞ்சின் மெலிந்ததுபோலவே நடந்துகொள்ளும், ஆகவே ஃபில்டர் இல்லாமல் எரிபொருள் ஊற்றாதீர்கள். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் புரொப்பெல்லருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பதையும் உடன் வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து திரும்பியதும், எஞ்சினை முடுக்கும் முன் நீடிலைப் பழைய பெயின்ட் அடையாளத்துக்குத் திறந்து, வீல் காலரின் திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.